ஃபேக்ஸ் போயிடுச்சு, ஆனா யார் கையில? லினக்ஸில் ஒரு ஆபீஸுக்கே ஃபேக்ஸ் சர்வர் போடுவது எப்படி

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு பழைய செய்தியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

2018 நவம்பர் 21. ஜம்மு காஷ்மீரில் ஆட்சி அமைக்க உரிமை கோரி மெஹபூபா முஃப்தி ஆளுநருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். அதை ராஜ்பவனுக்கு ஃபேக்ஸ் பண்ணப் பாக்கறாங்க. போகல. ஃபேக்ஸ் போக மாட்டேங்குதுன்னு ட்விட்டர்லயே கடிதத்தைப் போட்டுடறாங்க. அன்னைக்கு ராத்திரியே சட்டசபை கலைக்கப்பட்டது. ஆளுநர் சத்யபால் மாலிக் அப்புறம் சொன்ன விளக்கம்: அன்னைக்குப் பண்டிகை விடுமுறை, ஃபேக்ஸ் மெஷின் பக்கம் ஆளே இல்ல.

நான் அப்போ காலேஜ் கடைசி வருஷம். எங்க ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்ல ஃபேக்ஸ் மீம் போட்டுப் போட்டு ஓட்டினோம். "ஃபேக்ஸா? அது இன்னும் உயிரோட இருக்கா?" இதுதான் எங்க மொத்த அறிவு. எனக்குத் தெரிஞ்ச ஃபேக்ஸ் எல்லாம், பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மஞ்சள் போர்டுல "எஸ்டிடி, ஐஎஸ்டி, ஜெராக்ஸ், ஃபேக்ஸ்"னு எழுதியிருக்குமே, அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான்.

மூணு வருஷம் கழிச்சு, சென்னையில ஒரு கம்பெனி, நைட் ஷிஃப்ட், என் பேர்ல ஒரு டிக்கெட் வருது: "கிளையண்ட் ஆபீஸுக்கு ஃபேக்ஸ் சர்வர் செட்டப் பண்ணணும். எல்லா ஸ்டாஃபும் அவங்கவங்க சீட்ல இருந்தே ஃபேக்ஸ் அனுப்பணும், வாங்கணும்." கிளையண்ட் அமெரிக்காவில் நாலு இடத்துல கிளினிக் வெச்சிருக்கிற ஒரு டாக்டர் குழு. நாற்பது பேர் வேலை செய்றாங்க. ஒரே ஒரு ஃபேக்ஸ் மெஷின். அதுக்கு முன்னாடி கியூ நிக்குது.

அந்த டிக்கெட்டை நான் எப்படி முடிச்சேன், முடிச்சுட்டேன்னு நெனச்சுக்கிட்டு எங்க கோட்டை விட்டேன், இதுதான் இன்னைக்கு எபிசோட்.

ஏன் இன்னும் ஃபேக்ஸ்?

முதல்ல ஒரு விஷயம். ஃபேக்ஸ் டெலிபோனைவிட வயசுல மூத்தது. அலெக்சாண்டர் பெய்ன் என்ற ஸ்காட்லாந்து கடிகாரக்காரர் கம்பி வழியாகப் படம் அனுப்பும் கருவிக்கு 1843-ல் காப்புரிமை வாங்கினார். கிரகாம் பெல்லின் டெலிபோன் காப்புரிமை 1876-ல்தான் வந்தது. நாம இன்னைக்கு பார்க்கிற ஃபேக்ஸ், அதாவது "குரூப் 3" என்ற வகை, 1980-ல் சர்வதேச தரமாக ஆனது. அன்று போட்ட அடிப்படை விதிகள்தான் இன்றும் ஓடுகின்றன. 1985-ல் வாங்கின மெஷினும் இன்னைக்கு நான் போடுற லினக்ஸ் சர்வரும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். வேற எந்த டிஜிட்டல் சமாச்சாரத்துக்கு இந்த ஆயுசு இருக்கு, சொல்லுங்க?

அமெரிக்க மருத்துவத் துறையில் இது சாகாததற்குக் காரணம் பாசம் இல்லை. ஒரு டாக்டர் ஆபீஸ் வெச்சிருக்கிற சாஃப்ட்வேர் பக்கத்து ஹாஸ்பிட்டல் சாஃப்ட்வேரோட பேசாது. ஆனா எல்லார்கிட்டயும் ஒரு ஃபேக்ஸ் நம்பர் இருக்கு. நோயாளிகளின் தகவலைப் பாதுகாக்க 1996-ல் வந்த ஹிப்பா சட்டமும் ஃபேக்ஸைத் தடை செய்யவில்லை, தகுந்த பாதுகாப்போடு பயன்படுத்தலாம். அதனால இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு ஸ்கேனுக்கு முன் அனுமதி கொடுக்கணுமா? ஃபேக்ஸ். கூடுதல் விவரம் வேணுமா? ஃபேக்ஸ். சென்னையில் மெடிக்கல் பில்லிங் கம்பெனிகளில் நைட் ஷிஃப்ட் பார்க்கிற உங்க ஃப்ரெண்ட்ஸ் யாரையாவது கேட்டுப் பாருங்க, கதை கதையாச் சொல்வாங்க.

இங்கிலாந்தில் 2018-ல் எடுத்த கணக்கில் அரசு மருத்துவமனைகளில் 8,000-க்கும் மேல் ஃபேக்ஸ் மெஷின்கள் இருந்தன. புதுசா வாங்கக் கூடாதுன்னு 2019 ஜனவரியிலிருந்து தடையே போட்டாங்க. நாம கிண்டல் பண்ற விஷயம் இன்னொருத்தருக்கு அன்றாட வேலை.

அந்தக் "கீய்ய்ங்" சத்தத்துக்குள்ளே என்ன நடக்குது?

செட்டப்புக்குப் போறதுக்கு முன்னாடி இது புரியணும். புரிஞ்சாதான் லாக் ஃபைலைப் படிக்க முடியும்.

நீங்க ஒரு நம்பரை டயல் பண்றீங்க. அனுப்புகிற மெஷின் 1100 ஹெர்ட்ஸில் அரை விநாடிக்கு ஒரு "பீப்" விடும், மூன்று விநாடி சும்மா இருக்கும், மறுபடி விடும். "நான் மனுஷன் இல்லப்பா, ஃபேக்ஸ்"னு அர்த்தம். எதிர்ப்பக்கம் போனை எடுத்து 2100 ஹெர்ட்ஸில் நீளமாக ஒரு சத்தம் கொடுக்கும். "நானும் ஃபேக்ஸ்தான், வா."

அப்புறம் இரண்டும் 300 பிட் வேகத்தில் மெதுவாகப் பேச்சுவார்த்தை நடத்தும். வாங்குகிற மெஷின் தன் திறமைகளைச் சொல்லும்: இவ்வளவு வேகம் தாங்குவேன், இந்தத் தாள் அளவு, இந்தத் துல்லியம். அனுப்புகிறவன் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, "சரி, 14,400 பிட் வேகத்துல வெச்சுக்கலாமா?"ன்னு சொல்லி, ஒன்றரை விநாடிக்கு வெறும் பூஜ்யங்களாக ஒரு சோதனை அனுப்பும். சுத்தமாகப் போய்ச் சேர்ந்தால் பக்கம் கிளம்பும். இல்லையென்றால் வேகத்தைக் குறைத்து மறுபடி முயற்சி. இந்த மொத்தப் பேச்சுவார்த்தைக்கும் "டி.30" என்று பெயர். படத்தைச் சுருக்கும் முறைக்கு "டி.4".

ஒரு பக்கம் என்பது ஒரு வரிக்கு 1,728 புள்ளிகள். கறுப்பு அல்லது வெள்ளை, நடுவில் சாம்பல் கிடையாது. எழுத்து மட்டும் இருக்கிற ஒரு பக்கம் சுருங்கி 40 கேபி வந்ததுன்னு வைங்க. 14,400 பிட் என்றால் விநாடிக்கு 1,800 பைட். ஆக 22 விநாடி. அதே பக்கத்துல ஒரு போட்டோவோ நிழல் பின்னணியோ இருந்தா புள்ளி புள்ளியாச் சிதறி பல மடங்கு நேரம் எடுக்கும். "இந்த கவர் ஷீட்ல நம்ம லோகோவை கிரேடியண்ட்டோட போடலாமா?"ன்னு யாராவது கேட்டா, வேண்டாம்னு சொல்றதுக்கு இப்போ உங்ககிட்ட காரணம் இருக்கு.

கடைசியாக, பக்கம் முடிந்ததும் வாங்கின மெஷின் ஒரு சிக்னல் அனுப்பும்: "வந்துடுச்சு." இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க. வந்துடுச்சுன்னு சொல்றது மெஷின். படிச்சுட்டேன்னு எந்த மனுஷனும் சொல்லலை. இந்த எபிசோடோட பாதி விஷயம் இந்த வித்தியாசத்துலதான் இருக்கு.

ஹைலாஃபேக்ஸ்: ஒரு மோடம், நாற்பது பேர்

யூனிக்ஸ் உலகில் இந்த வேலைக்கு நிலைத்து நின்ற மென்பொருள் ஹைலாஃபேக்ஸ். சாம் லெஃப்லர் என்ற இன்ஜினியர் 1990-களின் தொடக்கத்தில் சிலிகான் கிராஃபிக்ஸில் இருந்தபோது எழுதினார். முதல் பெயர் ஃப்ளெக்ஸ்ஃபேக்ஸ், பிறகு மாறியது. பிஎஸ்டி யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். டிஃப் படங்களைப் படிக்க உலகமே பயன்படுத்துகிற லிப்டிஃப் லைப்ரரியும் அவர் எழுதியதுதான். ஃபேக்ஸ் பக்கங்கள் உள்ளுக்குள் டிஃப் ஃபைலாகத்தான் இருக்கும், அதனால இரண்டுக்கும் சொந்தம் உண்டு. இப்போ ஹைலாஃபேக்ஸ் இரண்டு கிளையாக இருக்கிறது: பழைய பெயரிலேயே ஒன்று, லீ ஹோவர்ட் பராமரிக்கிற ஹைலாஃபேக்ஸ் பிளஸ் இன்னொன்று. அடிப்படை அமைப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

அந்த அமைப்பை ஒரு தபால் ஆபீஸ் மாதிரி நினைச்சுக்கங்க.

கவுண்டர்ல உக்காந்து கடிதம் வாங்குறவர் "ஹெச்ஃபேக்ஸ்டி". நெட்வொர்க்கில் 4559 என்ற போர்ட்டில் காத்திருப்பார். ஸ்டாஃப் தங்கள் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பும் டாக்குமெண்ட்டை வாங்குவது அவர்தான். அவர் பேசுகிற மொழி எஃப்டிபி நெறிமுறையைத் தழுவி எழுதப்பட்டது.

உள்ளே உக்காந்து எதை முதல்ல அனுப்பணும், எதைத் திரும்ப முயற்சிக்கணும்னு முடிவு பண்றவர் "ஃபேக்ஸ்க்யூ". வரிசை அவர் கையில். போஸ்ட்ஸ்கிரிப்ட், பிடிஎஃப் எது வந்தாலும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் மூலம் டிஃப்பாக மாற்றச் சொல்வதும் அவர்தான்.

சைக்கிள் எடுத்துக்கிட்டு நேர்ல போய்க் கொடுக்கிறவர் "ஃபேக்ஸ்செண்ட்". ஒவ்வொரு அழைப்புக்கும் கிளம்பி, வேலை முடிந்ததும் காணாமல் போய்விடுவார்.

வாசல்ல உக்காந்து போன் அடிக்குதான்னு பாக்குற வாட்ச்மேன் "ஃபேக்ஸ்கெட்டி". உள்ளே வரும் ஃபேக்ஸை எடுத்து ரிசீவ் க்யூ என்ற டைரக்டரியில் வைப்பது இவர் பொறுப்பு.

அழகு என்னன்னா, ஃபேக்ஸ்கெட்டியும் ஃபேக்ஸ்செண்ட்டும் ஒரே மோடத்தைப் பகிர்ந்துகொள்வார்கள். ஒரு லாக் ஃபைல் வைத்து "இப்போ என் முறை" என்று சொல்லிக்கொள்வார்கள். அதனால்தான் ஒரு மோடம், ஒரு போன் லைன் வைத்துக்கொண்டு நாற்பது பேர் அனுப்பவும் முடியும், வாங்கவும் முடியும்.

செட்டப், படிப்படியாக

முதல் படி, மோடம். இங்க காசை மிச்சம் பிடிக்காதீங்க. கம்ப்யூட்டருக்குள்ளேயே சொருகுற மலிவான மோடம்கள் பலதில் உண்மையான மோடம் வேலையை விண்டோஸ் டிரைவர்தான் செய்யும். லினக்ஸில் அது வெறும் தகரம். வெளியே தனிப்பெட்டியாக, சீரியல் கேபிளில் மாட்டுகிற மோடம் வாங்குங்க. யூஎஸ்பி என்றால் ஒரு ஜாக்கிரதை: ரீபூட் ஆனதும் டிவைஸ் பெயர் மாறக்கூடும். யூடெவ் விதி எழுதி ஒரு நிரந்தரப் பெயர் கொடுத்துடுங்க. இல்லன்னா ஒருநாள் பவர் கட் ஆகி வந்ததும், வாட்ச்மேன் காலியான வாசலைக் காவல் காத்துக்கிட்டு இருப்பார்.

இரண்டாவது படி, இன்ஸ்டால். டெபியனில் சர்வருக்கு ஒரு பேக்கேஜ், கிளையண்ட்டுக்கு ஒரு பேக்கேஜ். போட்டதும் "ஃபேக்ஸ்செட்டப்" கமாண்டை ரூட்டாக ஓட்டணும். கோஸ்ட்ஸ்கிரிப்ட் இருக்கா, எழுத்துருக்கள் இருக்கா, மெயில் எங்கே இருக்குன்னு எல்லாம் அதுவே பார்க்கும். ஏதாவது இல்லைன்னு சொன்னா என்டர் தட்டித் தாண்டிப் போயிடாதீங்க. நின்னு சரி பண்ணிட்டுப் போங்க.

மூன்றாவது படி, "ஃபேக்ஸ்ஆட்மோடம்". மோடம் எந்த போர்ட்டில் இருக்குன்னு கேட்கும், அதோடு பேசிப் பார்த்து வகையைக் கண்டுபிடிக்கும். கிளாஸ் 1, கிளாஸ் 2, கிளாஸ் 2.0 என்று வரும். கிளாஸ் 1-ல் அந்த டி.30 பேச்சுவார்த்தையை ஹைலாஃபேக்ஸ் தானே நடத்தும். மற்றவற்றில் மோடம் நடத்தும். கிளாஸ் 1 நன்றாக வேலை செய்தால் அதையே எடுங்க. தப்பு நடந்தா, எங்க நடந்ததுன்னு உங்க லாக்ல முழுசாத் தெரியும்.

அடுத்து சில கேள்விகள் கேட்கும். நாட்டுக் குறியீடு, ஏரியா கோடு, வெளியூருக்கு முன்னாடி என்ன எண் சுத்தணும், வெளிநாட்டுக்கு என்ன. அமெரிக்காவில் வெளியூருக்கு 1, வெளிநாட்டுக்கு 011. நம்ம ஊர்ல 0, 00. நான் பழக்கதோஷத்துல 0, 00 அடிச்சுட்டேன். முதல் நாள் வெளியூர் நம்பர் ஒண்ணும் போகல. இதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம், ரெண்டு டீ.

"எத்தனை ரிங்குக்கு அப்புறம் எடுக்கணும்?" என்று ஒரு கேள்வி வரும். 0 கொடுத்தால் எடுக்கவே எடுக்காது, அனுப்ப மட்டும்தான். அமெரிக்காவில் அழைப்பவரின் எண் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் வரும். அந்த எண் வேணும்னா 2 கொடுங்க. 1 கொடுத்தா அவசரப்பட்டு எடுத்துடும், நம்பர் கிடைக்காது.

நான்காவது படி, யார் உள்ளே வரலாம். "ஹோஸ்ட்ஸ் டாட் ஹெச்ஃபேக்ஸ்டி" என்று ஒரு ஃபைல். ஆரம்பத்தில் அந்த மெஷின் மட்டுமே பேச முடியும். ஆபீஸ் நெட்வொர்க்கை நீங்கதான் சேர்க்கணும். அதுல எழுதுறது ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதை மறந்துடாதீங்க. புள்ளி என்பது எந்த எழுத்தையும் குறிக்கும். அதனால முகவரியில் இருக்கிற புள்ளிகளுக்கு முன்னாடி பேக்ஸ்லாஷ் போடுங்க, ஆரம்பத்தையும் முடிவையும் கட்டிப்போடுங்க. ஃபைலின் உரிமை 600 ஆக இருக்கணும். பாஸ்வேர்டு வைக்க "ஃபேக்ஸ்ஆட்யூசர்" இருக்கு. 4559 போர்ட்டை வெளி இன்டர்நெட்டுக்குத் திறக்கவே திறக்காதீங்க. அதில் சாதாரணமாகப் போவது மறையாக்கம் இல்லாத பேச்சு. வேற ஊர்லேருந்து யாராவது வரணும்னா விபிஎன் வழியா வரட்டும்.

ஐந்தாவது படி, சோதனை. "சென்ட்ஃபேக்ஸ்" கமாண்டில் நம்பரும் ஃபைலும் கொடுத்தால் போதும். "ஃபேக்ஸ்ஸ்டாட்" அடித்தால் வரிசை நிலவரம் தெரியும். நீங்க எதுவும் சொல்லாவிட்டால் 3 தடவை அனுப்பிப் பார்க்கும், 12 தடவைக்கு மேல் டயல் செய்யாது, 3 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காது. அதுக்கப்புறம் கைவிட்டுட்டு மெயில் அனுப்பும். எதிர்ப்பக்கம் ராத்திரியில மெஷினை அணைச்சுட்டுப் போற ஆபீஸா இருந்தா, அந்த 3 மணி நேரத்தை நீட்டி வைங்க.

ஸ்டாஃபுக்குக் கமாண்ட் எல்லாம் சொல்லித் தர முடியாது. அவங்களுக்கு யாஜ்ஹெச்எஃப்சி மாதிரி ஜாவா கிளையண்ட் இருக்கு, அல்லது அவான்ட்ஃபேக்ஸ் மாதிரி வெப் பக்கம் போடலாம். பிரிண்ட் கொடுக்கிற மாதிரி கொடுத்து, நம்பர் அடிச்சா வேலை முடிஞ்சுது.

ரெண்டாவது பக்கத்துல அறுந்து போற மர்மம்

எல்லாம் சரி. ஆனா ஒரு கிளினிக்கில் மட்டும் ஒரு பக்க ஃபேக்ஸ் போகும், பத்து பக்க ஃபேக்ஸ் நடுவில் அறுந்துவிடும். ஹைலாஃபேக்ஸ் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு லாக் ஃபைல் எழுதும். அதைத் திறந்து பார்த்தா, 14,400-ல் ஆரம்பிச்சு, 12,000, 9,600-ன்னு படி இறங்கிக்கிட்டே வந்து விழுந்திருக்கு.

காரணம், அந்தக் கிளினிக்கில் போன் லைன் உண்மையான லைன் இல்லை. இன்டர்நெட் வழியாகப் போகிற குரல், அதாவது விஓஐபி. குரலை 20 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்பும். ஒரு துண்டு தொலைந்தாலும் மனுஷக் காது கண்டுக்காது, மூளை நிரப்பிக்கும். மோடத்துக்கு மூளை கிடையாது. அந்த 20 மில்லி விநாடியில 14,400 வேகத்துல 288 பிட் போச்சு. நீளமான ஃபேக்ஸ் என்றால் எங்காவது ஒரு துண்டு தொலையத்தான் செய்யும். குரலை அதிகமாகச் சுருக்குகிற கோடெக் போட்டிருந்தால் இன்னும் மோசம், அது மோடம் சத்தத்தையே உருக்குலைத்துவிடும்.

வழிகள் மூணு. ஒண்ணு, ஃபேக்ஸுக்கு மட்டும் பழைய அனலாக் லைன் ஒன்று வைத்துக்கொள்வது. ரெண்டு, "டி.38" என்ற தரம். இது சத்தத்தை அனுப்பாமல் ஃபேக்ஸ் தகவலையே பாக்கெட்டாக அனுப்பும், ஆனா உங்க போன் கம்பெனி அதை ஆதரிக்கணும். மூணு, சுருக்காத கோடெக்குக்கு மாறி, வேகத்தை 9,600-க்குக் கட்டிப்போட்டு, பிழை திருத்தும் முறையை இயக்கி வைத்து, சாமியைக் கும்பிடுவது. நாங்க முதல் வழியில போனோம். செலவு அதிகம்தான். அதுக்கப்புறம் அறுந்து போகல.

நாலு நாள் கிடந்த பேப்பர்

இப்போ நான் கோட்டை விட்ட இடம்.

உள்ளே வருகிற ஃபேக்ஸை யாருக்கு மெயில் பண்ணணும்னு சொல்ற ஃபைல் "ஃபேக்ஸ்டிஸ்பாட்ச்". நான் ரொம்ப புத்திசாலித்தனமா அதுல ஒரு அட்டவணை எழுதினேன். ஒவ்வொரு ஃபேக்ஸ் மெஷினும் தன்னைப் பற்றி 20 எழுத்துக்குள் ஒரு அடையாளம் சொல்லும். இந்த அடையாளம் வந்தா பில்லிங் டீமுக்கு, அந்த அடையாளம் வந்தா லேப் ரிசல்ட் பார்க்கிறவங்களுக்குன்னு பிரிச்சேன். ரெண்டு வாரம் அற்புதமா ஓடிச்சு. மேனேஜர் பாராட்டி மெயில் கூடப் போட்டார்.

ஒருநாள் ராத்திரி ரெண்டு மணி இருக்கும். பில்லிங் டீம் அக்கா என் சீட்டுக்கு வந்தாங்க.

"தம்பி, ஒரு பேஷண்ட்டுக்கு ஸ்கேன் அப்ரூவல் நிக்குது. இன்சூரன்ஸ்ல கேட்டா, 'நாங்க விவரம் கேட்டு ஃபேக்ஸ் பண்ணிட்டோம், உங்ககிட்டேருந்துதான் பதில் இல்ல'ங்கறாங்க. எங்களுக்கு ஒண்ணும் வரலியே?"

"அவங்க அனுப்பியிருக்க மாட்டாங்கக்கா. வந்திருந்தா மெயில் வந்திருக்கும்."

"அவங்க கன்ஃபர்மேஷன் ஷீட் இருக்குன்னு சொல்றாங்கப்பா."

எனக்கு உள்ளுக்குள்ள லேசா ஜில்லுனு ஆச்சு. ஃபேக்ஸ்ஸ்டாட்ல வந்தவை பட்டியலைப் பார்த்தேன். இருந்தது. நாலு நாளைக்கு முன்னாடி வந்த மூணு பக்கம். ரிசீவ் க்யூவுல சமர்த்தா உக்காந்திருந்தது.

நடந்தது என்னன்னா, அந்த இன்சூரன்ஸ் கம்பெனி அன்னைக்கு வேற ஒரு மெஷினிலிருந்து அனுப்பியிருக்கு. அதுல அடையாளம் காலி. என் அட்டவணையில எதுவும் பொருந்தல. பொருந்தாததெல்லாம் "ஃபேக்ஸ்மாஸ்டர்" என்ற பொதுப் பெயருக்குப் போகும். அந்தப் பெயர் சர்வரின் ரூட் கணக்குக்குப் போகிற மாதிரி இருந்தது. ரூட்டோட மெயில் அந்த சர்வருக்குள்ளேயே ஒரு ஃபைலா விழுந்துக்கிட்டு இருந்தது. அதை யார் படிக்கணும்? நான். நான் ஒருநாள் கூடத் திறந்து பாக்கல. திறந்தா, அதுல மொத்தம் பதினோரு மெயில்.

மோடம் தன் வேலையைச் செஞ்சுது. ஹைலாஃபேக்ஸ் தன் வேலையைச் செஞ்சுது. "வந்துடுச்சு"ன்னு சிக்னலும் போச்சு. எல்லா லாக்கும் பச்சை. எங்கயோ ஒருத்தர் வலியோட ஸ்கேன் தேதிக்காகக் காத்துக்கிட்டு இருந்தார். அவருக்கு ஃபேக்ஸ்டிஸ்பாட்ச்னா என்னன்னே தெரியாது, தெரியணும்னு அவசியமும் இல்ல.

அக்கா திட்டல. "சரி விடு, பிரிண்ட் எடு, நான் இப்பவே பதில் அனுப்பறேன்"னு சொல்லிட்டு மத்த பத்தையும் ஒண்ணொண்ணா உக்காந்து பிரிச்சாங்க. விடியற வரைக்கும் ரெண்டு பேரும் அதைத்தான் பார்த்தோம். அந்த ஸ்கேன் ஒரு வாரம் தள்ளிப் போச்சு, அப்புறம் நடந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இன்னொண்ணு. "ஃபேக்ஸ்க்ரான்" என்று ஒரு துப்புரவு ஸ்கிரிப்ட் அவ்வப்போது தானா ஓடும். பழைய ஃபைல்களை அழிக்கும், வந்த ஃபேக்ஸ்கள் உட்பட. இன்னும் சில நாள் விட்டிருந்தா அந்த மூணு பக்கமே இருந்திருக்காது. அன்னைக்கு காலையில கேப்ல வீட்டுக்குப் போகும்போது அதைத்தான் நெனச்சுக்கிட்டே போனேன்.

நீங்க போடும்போது

அதுக்கப்புறம் நான் மாத்தினவை இவை. ஃபேக்ஸ் மட்டுமில்ல, எதையாவது யாருக்காவது பிரிச்சு அனுப்புற எந்த சிஸ்டத்துக்கும் இது பொருந்தும்.

1. முதல்ல "எதுவும் பொருந்தாட்டி எங்க போகும்?" என்கிற வரியை எழுதுங்க. அது ஒரு மனுஷன் தினமும் திறக்கிற பொது மெயில்பாக்ஸாக இருக்கணும். ரூட் மனுஷன் இல்ல.

2. ஃபேக்ஸ் அடையாளத்தை நம்பி முடிவெடுக்காதீங்க. அதை யார் வேணும்னாலும் என்ன வேணும்னாலும் வெச்சுக்கலாம், காலியாவும் விடலாம். முடிந்தால் டீமுக்கு ஒரு தனி நம்பர் கொடுத்து, எந்த லைனில் வந்தது என்பதை வைத்துப் பிரிங்க.

3. தினமும் காலையில் ரிசீவ் க்யூவில் எத்தனை வந்தது, எத்தனை மெயில் போய்ச் சேர்ந்ததுன்னு எண்ணி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் அனுப்பட்டும். ரெண்டு எண்ணும் பொருந்தலன்னா யாராவது போய்ப் பாக்கணும். இதை எழுத எனக்கு இருபது நிமிஷம்தான் ஆச்சு.

4. ஃபேக்ஸ்க்ரான் எத்தனை நாள் பழசை அழிக்கும்னு நீங்களே தேர்ந்தெடுத்து வைங்க. அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நகல் வேற இடத்துக்குப் போகட்டும்.

5. வாரம் ஒருமுறை, அடையாளமே இல்லாத ஒரு மெஷினிலிருந்து நீங்களே ஒரு ஃபேக்ஸ் அனுப்புங்க. அது யார் மேஜைக்கு வருதுன்னு பாருங்க. போச்சான்னு மட்டும் பாக்காதீங்க.

6. அனுப்புறதுக்கு முன்னாடி நம்பரை ரெண்டாவது முறை உறுதிப்படுத்தச் சொல்லுங்க. ஒரு எண் மாறினா ஒருத்தரோட நோய் விவரம் முன்பின் தெரியாத இன்னொரு ஆபீஸ்ல பிரிண்ட் ஆகும். போன ஃபேக்ஸைத் திரும்பக் கூப்பிட முடியாது.

2018-ல் அந்த ராஜ்பவன் ஃபேக்ஸுக்கு நாங்க போட்ட மீமை இப்போ நெனச்சா சிரிப்பு வரல. மெஷின் இருந்தது, லைன் இருந்தது, பக்கத்துல ஆள் இல்லைங்கறாங்க. என் சர்வர்லயும் அந்த நாலு நாள் அதே நிலைமைதான். ஆள் இல்லாத இடத்துல நான் ரூட்னு ஒரு பேர் எழுதி வெச்சிருந்தேன்.

அந்த சர்வர் இன்னும் ஓடுது. பொது மெயில்பாக்ஸை ஷிஃப்ட்டுக்கு ஒருத்தர் முறை வெச்சுப் பாக்கறாங்க. அக்கா சுவத்துல ஒரு பேப்பர் ஒட்டி பேர் எழுதியிருக்காங்க. செவ்வாய்க்கிழமை என் பேர்.

உங்க ஆபீஸ்ல யாருமே திறக்காத ஒரு மெயில்பாக்ஸ் இருந்தா, இன்னைக்கே ஒரு தடவை திறந்து பாருங்க. உள்ளே என்ன இருந்ததுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பாக்கலாம்.